டர்போ மேல் விழும் பழி: ஸ்கோடா ஃபாபியா விஆர்எஸ் டீசல், ஒரு நிகழ்வு ஆய்வு

புகார் அநேகமாக ஒரே வார்த்தைகளில்தான் வரும். மோட்டார்வேயில் ஏறும்போது மூன்றாவதிலோ நான்காவதிலோ ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வண்டி நன்றாகப் பாய்கிறது. 3,000 ஆர்பிஎம் பக்கம் வந்ததும் இழுவை சட்டென்று போய்விடுகிறது. அதன்பிறகு எவ்வளவு மிதித்தாலும் லாரிக்குப் பின்னால்தான் போக முடிகிறது. ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஓடுகிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. டாஷ்போர்டில் பல நேரம் எந்த எச்சரிக்கை விளக்கும் எரிவதில்லை.

இதற்குச் சொல்லப்படும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றே: "டர்போ போச்சு, மாற்றணும்." இன்றைய நிலையில் இந்த வண்டியின் மதிப்போடு வைத்துப் பார்த்தால் புது டர்போவும் அதை மாற்றும் கூலியும் கனமான தொகை. அந்த ஒரு பில்லுக்குப் பயந்தே நல்ல வண்டிகள் உடைப்புக்குப் போயிருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன புகாரில் டர்போவின் சுழலும் பாகம் கெட்டிருப்பதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. அளந்து பார்க்காமல் கழற்றக் கூடாத வண்டி இது. ஏன் என்பதை எஞ்சினிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

வண்டியும் எஞ்சினும்

பிரிட்டனில் ஃபாபியா விஆர்எஸ் என்றும், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஃபாபியா ஆர்எஸ் என்றும் 2003-இல் வந்த வண்டி. முதல் தலைமுறை ஃபாபியாவின் உச்ச மாடல், 2007 வரை விற்பனையில் இருந்தது. போலோ, இபிசா ஆகியவற்றோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. டீசலில் வேகமான சின்ன வண்டி என்பது அப்போதே பழைய யோசனைதான். ஃபோக்ஸ்வாகன் 1982-லேயே கோல்ஃப் ஜிடிடி என்று 70 குதிரைத்திறனில் ஒன்றை விற்றிருக்கிறது. ஸ்கோடா செய்த துணிச்சல் வேறு: இந்த ஃபாபியாவுக்குப் பெட்ரோல் எஞ்சினையே கொடுக்கவில்லை. 1.9 லிட்டர் டிடிஐ (டர்போ டீசல்), 6 கியர் மேனுவல், இது ஒன்றுதான்.

4,000 ஆர்பிஎம்-இல் 130 குதிரைத்திறன், 1,900-இல் 310 நியூட்டன் மீட்டர் டார்க். எடை 1,300 கிலோவுக்குச் சற்று மேல். 0–100 கி.மீ.க்கு நிறுவனம் சொன்னது 9.6 நொடி, உச்ச வேகம் மணிக்கு 204 கி.மீ. 9.6 என்ற எண்ணை மட்டும் பார்த்து இது என்ன ஹாட் ஹேட்ச் (வேகமான சின்ன கார்) என்று கேட்டவர்கள் அப்போதும் உண்டு. அதே காலத்து ரெனோ கிளியோ 182-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் உச்ச டார்க் 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 5,250 ஆர்பிஎம்-இல். கிளியோவில் இரண்டு கியர் இறக்கி எஞ்சினைக் கத்தவிட்டு முந்த வேண்டிய இடத்தில், ஃபாபியாவை நான்காவதில் போட்டபடியே மிதித்தால் போதும்.

அதே நேரம், 4,000-இல் 130 குதிரைத்திறன் என்பதை டார்க்காக மாற்றிக் கணக்குப் போட்டால் சுமார் 229 நியூட்டன் மீட்டர்தான் வருகிறது. அதாவது 1,900-க்கும் 4,000-க்கும் நடுவே 80 நியூட்டன் மீட்டர் உதிர்ந்துவிடுகிறது. சிவப்புக் கோடு வரை இழுத்து ஓட்டுபவர் புகையும் சத்தமும்தான் வாங்குகிறார். 3,800 பக்கத்தில் கியரை மாற்றினால் ஊசி மறுபடி டார்க் நிறைந்த இடத்துக்கு வந்து விழும். இந்த வண்டியை வேகமாக ஓட்டும் வித்தையில் பாதி இதுதான்.

இவ்வளவு டார்க் வருவது பம்ப்-டியூஸ என்ற எரிபொருள் பீய்ச்சும் முறையால். பட்டறைகளில் சுருக்கமாக பிடி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பும் முனையும் சேர்ந்த ஒரே இன்ஜெக்டர். அதை அழுத்துவது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். அழுத்தம் 2,050 பார் வரை போகும். வண்டியின் அழகு முழுவதும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கீழே வரப்போகும் தொல்லைகளில் பாதிக்கும் இதுவே மூலம்.

சோதனை: எதை முதலில் பார்ப்பது

தேவையான கருவிகள் இரண்டு. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று, விசிடிஎஸ் போல. இன்னொன்று, மீட்டர் பொருத்திய கையடக்க வேக்கம் (வெற்றிட) பம்ப். பொதுவான மலிவு ஸ்கேனர் பிழைக் குறியீட்டைக் காட்டும், ஆனால் இங்கே வேண்டிய அளவீட்டுத் தொகுதிகளைக் காட்டாது.

குறியீடு 17965 வந்தால், அதாவது பி1557, எஞ்சின் கணினி கேட்டதைவிட அதிக பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்). 17964, அதாவது பி1556, கேட்டதைவிடக் குறைந்த பூஸ்ட். இரண்டுக்கும் வண்டி காட்டும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றே, காரணங்கள் நேர் எதிர். குறியீட்டைப் படிக்காமலே பாகம் வாங்குபவர் பாதி வாய்ப்பில் தவறான பக்கம் போகிறார்.

அடுத்து ஓட்டியபடியே தொகுதி 011-ஐப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஓட்டுபவர் லேப்டாப்பைப் பார்க்கக் கூடாது. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது, நான்காவது கியரில் 1,500-இலிருந்து 4,000 வரை முழு மிதி. முதல் கட்டத்தில் ஆர்பிஎம், இரண்டாவதில் கணினி கேட்கும் பூஸ்ட், மூன்றாவதில் கிடைக்கும் பூஸ்ட், நான்காவதில் என்75 வால்வின் (டர்போவுக்குப் போகும் வேக்கத்தைக் கட்டுப்படுத்துவது) இயக்க விழுக்காடு. பூஸ்ட் எண்கள் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தவை. அதனால் சும்மா நிற்கும்போதே 1,000 மில்லிபார் பக்கம் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இந்த நான்காவது கட்டத்தைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. கிடைக்கும் பூஸ்ட் கேட்டதைத் தாண்டி 200, 250 மில்லிபார் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி உடனே என்75 விழுக்காட்டைக் கீழே இறக்கும். விழுக்காடு தரைமட்டத்துக்கு வந்தும் பூஸ்ட் இறங்கவில்லை என்றால் கணினி தன் வேலையைச் செய்துவிட்டது, அதன் பேச்சைக் கேட்க வேண்டிய உறுப்பு எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். இப்படிச் சில நொடி நீடித்ததும் எஞ்சினைக் காப்பாற்ற எரிபொருளைக் குறைத்து, பூஸ்ட்டையும் நிறுத்திவிடுகிறது. சாவியை அணைக்கும்வரை அந்த நிலை மாறாது. ஆரம்பத்தில் சொன்ன "இழுவை போய்விட்டது" இதுதான்.

எதிர்ப்பக்கம்: விழுக்காடு உச்சத்தில் நிற்கிறது, பூஸ்ட் ஏறவே இல்லை. அப்போது வேக்கம் கசிவு, பிளந்த பூஸ்ட் ஹோஸ், கல்லடி பட்ட இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது), திறந்தபடி மாட்டிக்கொண்ட இஜிஆர் (புகையை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) என்று தேட வேண்டும். இன்டர்கூலர் முன் சக்கர வளைவுக்கு முன்னால் தாழ்வாக இருப்பதால் கல்லும் உப்பும் நேராக அதன்மேல்தான். ஹோஸ் மூட்டுகளில் லேசான எண்ணெய் ஈரம் இயல்பு. ஒரே இடத்திலிருந்து கறுப்பாகச் சிதறிய தடம் இருந்தால் அங்கே காற்று போகிறது. கிளிப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைப் பாருங்கள்.

ராடைக் கையால் பார்ப்பது

அதிக பூஸ்ட் என்று உறுதியானதும் அடுத்த வேலை எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம். டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு, பின்புறம் தொங்குகிறது. அதன் பக்கத்தில் வட்டமான ஆக்சுவேட்டர் (வேக்கத்தால் டர்போவின் உள் இறகுகளைத் திருப்பும் உறுப்பு), அதிலிருந்து ஒரு மெல்லிய ராட். எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் வேக்கம் ஏறி ராட் இழுபட வேண்டும், அணைத்தால் திரும்பி வர வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தால் முதல் தகவல் கிடைத்துவிடும்.

எஞ்சினை அணைத்து, ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றி, கை வேக்கம் பம்பை மாட்டுங்கள். மெதுவாக அழுத்துங்கள். மீட்டரில் 3 முதல் 5 இஞ்ச் பாதரசம் வரும்போது ராட் அசையத் தொடங்கி, சுமார் 18 இஞ்ச்சில், அதாவது 600 மில்லிபாருக்குச் சற்று மேல், நிறுத்தத் திருகில் போய் முட்ட வேண்டும். நடுவில் எங்கும் நிற்கக் கூடாது. சிக்கிய டர்போவில் ராட் பாதி தூரம் சீராக வந்து, அங்கேயே நிற்கும். மீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு துள்ளலோடு மீதித் தூரத்தைக் கடக்கும். வேக்கத்தை விடும்போது அதே இடத்தில் மறுபடி தயங்கும். அந்தத் தயக்கத்தை விரலை ராடின்மேல் வைத்தால் தெளிவாக உணரலாம். மீட்டர் ஊசி தானாக இறங்கினால் ஆக்சுவேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது தனிக் கோளாறு, அது வருவது குறைந்த பூஸ்ட் பக்கம்.

ராட் சீராகப் போய் வருகிறது, இருந்தும் பதிவில் அதிக பூஸ்ட் என்றால் என்75-ஐயும் அதன் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். அதில் மூன்று வாய்கள்: வேக்கம் வருவது, ஆக்சுவேட்டருக்குப் போவது, வெளிக்காற்றை எடுப்பது. மூன்றாவது வாய் அடைத்தால் ஏறிய வேக்கம் வெளியேற வழியில்லாமல் டர்போவைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்கும். சில பவுண்டு ஹோஸ் செய்யும் வேலைக்கு டர்போ மாற்றப்படுவது இங்கேதான். துணி சுற்றிய பழைய ஹோஸ்கள் முனையில் வெடித்திருக்கும். கூர்மையான கத்தியால் முனையை வெட்டிவிட்டு மாட்டுவது ஒரு மாதத் தீர்வு. ஓரிரு மீட்டர் சிலிகான் வேக்கம் ஹோஸ் வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். மூன்றையும் சேர்த்துக் கழற்றினால் வாய்கள் இடம் மாறி, புதுக் கோளாறு பிறக்கும்.

ஏன் சிக்குகிறது

டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் சக்கரத்தைச் சுற்றி அசையும் சிறு இறகுகள் உண்டு. குறைந்த ஆர்பிஎம்-இல் அவை நெருங்கி நின்று புகையை வேகமாகப் பாய்ச்சும், ஆர்பிஎம் ஏற ஏற விரிந்து வழிவிடும். எல்லா இறகுகளையும் சேர்த்துத் திருப்புவது ஒரு வளையம். தினமும் 2,000-க்குள்ளேயே கியர் மாற்றி, சிக்கனமாக, கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போகும் வண்டியில் அந்த வளையம் தன் ஓட்டத்தில் ஒரு சிறு பகுதியையே பயன்படுத்துகிறது. பயன்படாத பகுதியில் கரி படிகிறது. என்றாவது ஒருநாள் மோட்டார்வேயில் முழு மிதி கொடுக்கும்போது வளையம் அந்தக் கரியின்மேல் ஏற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. இறகுகள் நெருங்கியபடியே நிற்க, பூஸ்ட் எல்லை தாண்டுகிறது.

ஆகவே இது மென்மையாக ஓட்டப்பட்ட வண்டியின் நோய். 'வயதானவர் ஒருவரே ஓட்டியது, ஒருநாளும் விரட்டியதில்லை' என்ற விற்பனை வாசகம் இந்த எஞ்சினுக்குப் பெருமை ஆகாது.

தயக்கம் லேசாக இருந்தால் கழற்றாமலே சரியாகலாம். எஞ்சின் முழுச் சூடேறியபின், போக்குவரத்து இல்லாத நீண்ட ஏற்றத்தில், மூன்றாவது கியரில் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவே அழுத்தமாக ஏற்றி இறக்கி ஓட்டுவது. நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்குவது பயன்தராது; சுமை இருந்தால்தான் வளையம் முழு தூரம் போகும். இதற்கு முன்பும் பின்பும் கை பம்பால் ராடைச் சோதித்து ஒப்பிடுங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மறுபடி மறுபடி விரட்டிப் பலனில்லை, கழற்ற வேண்டியதுதான்.

கழற்றுவது ஒரு முழு நாள் வேலை. டவுன்பைப், எண்ணெய் வரும் குழாய், திரும்பும் குழாய், மேனிஃபோல்ட் நட்டுகள். இடத்துக்காக வலப்பக்க டிரைவ்ஷாஃப்டையும் எடுக்க வேண்டியிருக்கும். நட்டுகளில் முந்தைய நாளே துரு இளக்கியை ஊற்றி வையுங்கள். வெளியே எடுத்ததும், பிரிப்பதற்கு முன், எக்ஸாஸ்ட் கூட்டுக்கும் நடுப்பாகத்துக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அதே கோணத்தில் திரும்பச் சேர்க்காவிட்டால் ராட் நேராக உட்காராது. நிறுத்தத் திருகைத் தொடவே கூடாது. இறகுகளின் குறைந்தபட்ச இடைவெளி அதில்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

கரியை அகற்ற காரத்தன்மையுள்ள அடுப்புத் துப்புரவு நுரை நன்றாக வேலை செய்யும். ஆனால் அது அலுமினியத்தை அரிக்கும். கம்ப்ரசர் பக்கத்திலும் நடுப்பாகத்தின் எண்ணெய் வழிகளிலும் ஒரு சொட்டும் போகக் கூடாது. வார்ப்பிரும்புக் கூட்டுக்கும் இறகுகளுக்கும் மட்டும். பித்தளை பிரஷ், பிறகு வெந்நீர், பிறகு அழுத்தக் காற்று. வளையத்தை விரல் நுனியால் தள்ளினால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தன் எடையிலேயே நழுவ வேண்டும். கிரீஸ் தடவ வேண்டாம். அந்த வெப்பத்தில் அது ஒரே வாரத்தில் புதுக் கரியாகிவிடும்.

ஷாஃப்டின் ஆட்டத்தையும் இப்போதே பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு இயல்பு, ஏனெனில் அது எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தாங்கி. சக்கரம் கூட்டைத் தொட்ட தடமோ, முன்பின்னாக உணரக்கூடிய ஆட்டமோ இருந்தால் மட்டும் டர்போ உண்மையிலேயே முடிந்தது. திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட், புது நட்டு, எண்ணெய்க் குழாய்க்குப் புது வாஷர். ஸ்டார்ட் செய்யுமுன் எண்ணெய் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

டர்போ இல்லை என்றால் கேம்ஷாஃப்ட்

பதிவில் பூஸ்ட் ஒழுங்காக இருக்கிறது, வண்டி மட்டும் சோம்பலாக இருக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் தலைப்பகுதியில் டிக் டிக் என்று ஒரு தட்டல். பிடி எஞ்சினில் இதைக் கேட்டால் கேம் கவரைத் திறந்து பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வு, ஆக கேம்ஷாஃப்டில் எட்டு லோப் (வால்வை அழுத்தும் புடைப்பு). அவற்றுக்கு நடுவே இன்ஜெக்டர்களை அழுத்த இன்னும் நான்கு லோப். 2,050 பார் உண்டாக்கும் இந்த நான்குக்கும் அகலம் கொடுக்க வேண்டியிருப்பதால் வால்வு லோப்கள் ஒல்லியாகிவிட்டன. ஒல்லி லோப், அதிகச் சுமை. ஆயில் படலம் கொஞ்சம் தளர்ந்தாலும் உலோகம் உலோகத்தைத் தின்னும். அதற்காகத்தான் ஃபோக்ஸ்வாகனின் 505.01 என்ற தனி ஆயில் தரம் வந்தது. கேன் மேலே 5டபிள்யூ-40 என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதாது, 505.01 என்ற எண் இருக்க வேண்டும். ஃபில்டரோடு சுமார் 4.3 லிட்டர் பிடிக்கும். நீண்ட இடைவெளி சர்வீஸ் திட்டத்தில் ஓடிய வண்டிகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். 10,000 மைலுக்கு ஒருமுறை, குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதே இந்த எஞ்சினுக்கு நியாயமான கணக்கு. இந்தியாவில் 105 குதிரைத்திறனில் விற்ற லாரா 1.9 டிடிஐ-யும் இதே பிடி குடும்பம். அதை வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பத்தி அப்படியே பொருந்தும்.

கவரைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றியபடி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு லோப்பாகப் பாருங்கள். நல்ல லோப் ஓரம்வரை ஒரே அகலத்தில், ஒரே மங்கிய பளபளப்பில் இருக்கும். தேய்ந்ததில் ஓரங்கள் சீவிவிட்டாற்போல் மழுங்கி, மூக்குப் பகுதியில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரியும். அதன் கீழே வால்வைத் தள்ளும் லிஃப்டரின் மேற்பரப்பு தட்டையாக இல்லாமல் குழிந்திருக்கும். முற்றியதில் நடுவே துளையே விழுந்திருக்கும்.

கேமை மட்டும் மாற்றி பழைய லிஃப்டரை விட்டால் புதுக் கேமும் சீக்கிரமே போகும். கேம், எட்டு லிஃப்டர், கேம் தாங்கி ஷெல்கள், ராக்கர் ஷாஃப்ட் போல்ட்கள், எல்லாம் சேர்ந்த ஒரே வேலை இது. ராக்கர் ஷாஃப்ட் போல்ட்கள் ஒருமுறை நீண்டுவிடும் வகை. புதியதைப் போட்டு 20 நியூட்டன் மீட்டர், பிறகு கால் சுற்று. கேமை எடுக்க டைமிங் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும் என்பதால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்பையும் அப்போதே மாற்றிவிடுவது மிச்சம். பெல்ட்டுக்கு 60,000 மைல் அல்லது நான்கு ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று பிரிட்டனில் இந்த எஞ்சினைப் பழகிய பட்டறைகள் கணக்கு வைத்திருக்கின்றன.

பிறகு வருவது, தவறினால் எஞ்சினையே உடைக்கும் படி. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ராக்கர் ரோலரும் லோப்பின் உச்சியில் இருக்கும்படி எஞ்சினைச் சுற்றி நிறுத்தி, சரிசெய்யும் திருகை உறுதியாக முட்டும்வரை உள்ளே திருகி, பின்னால் எடுக்க வேண்டும். பெரும்பாலான 1.9 பிடி எஞ்சின்களுக்கு இது அரைச் சுற்று, அதாவது 180 பாகை. பழைய குறியீடுகள் சிலவற்றுக்கு வேறு கோணம் இருப்பதால், உங்கள் எஞ்சின் குறியீட்டைப் பார்த்துக் கையேட்டில் சரிபார்த்துவிட்டுத் திருகுங்கள். லாக் நட்டு 30 நியூட்டன் மீட்டர். புது லிஃப்டர் போட்டபின் அரை மணி நேரமாவது எஞ்சினைத் தொடாமல் விட்டு, அவற்றில் அடைபட்ட ஆயில் இறங்கியதும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அவசரப்பட்டால் வால்வு பிஸ்டனைத் தொடும்.

இன்ஜெக்டரையே கழற்றி மாட்டினால் அதன் கிளாம்ப் போல்ட்டும் புதிதாக வேண்டும்: 12 நியூட்டன் மீட்டர், பிறகு முக்கால் சுற்று. இறுக்குமுன் இன்ஜெக்டர் தாங்கி மூடிக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சற்று கோணலாக உட்கார்ந்தால் கேம் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் போல்ட் தளர்ந்துகொண்டே வரும்.

சூடானதும் மட்டும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்தால் முதலில் கவருக்குள் ஓடும் இன்ஜெக்டர் வயர் கட்டை மாற்றுங்கள். கொதிக்கும் ஆயிலில் கிடந்து அதன் பிளக்குகள் தளரும். இன்ஜெக்டரோடு ஒப்பிட்டால் விலை அற்பம். ஹெட்டின் கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் டாண்டம் பம்ப் (வேக்கத்துக்கும் எரிபொருளுக்கும் சேர்ந்த ஒரே பம்ப்) கசிந்தால் டீசலும் ஆயிலும் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் சந்திப்பில் சொட்டும். கிராங்க் சீல் போய்விட்டது என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்குமுன் மேலே துடைத்துப் பாருங்கள், ஒரு கேஸ்கெட்டோடு முடியலாம்.

கிளட்ச், ரீமேப்

310 நியூட்டன் மீட்டரை நாள்தோறும் வாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் துடிப்பைத் தணிக்கும் இரட்டைச் சக்கரம்) என்றாவது ஒருநாள் போகும். அணைக்கும்போது கடகடவென்று ஒரு குலுக்கல், கிளட்ச் மிதியை விட்டால் வரும் சத்தம் மிதித்தால் மாறுவது ஆகியவை அடையாளம். திட ஃப்ளைவீல் போட்டுச் செலவைக் குறைக்கலாம் என்பார்கள். டீசலின் துடிப்பு முழுக்க கியர்பாக்ஸுக்குப் போகும், ஐடிலில் சத்தம் கூடும். வண்டியை வைத்திருக்கப்போவது நெடுநாளைக்கு என்றால் டூயல் மாஸே போடுவது நல்லது.

ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி எழுதினால், 160, 170 குதிரைத்திறன் எளிதில் கிடைக்கிறது. ஆனால் அதில் முதலில் ஏறுவது 2,000 பக்கத்து டார்க், அதை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச். நான்காவது, ஐந்தாவது கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல் தொடங்கிவிட்டது. மேப் எழுதுபவரிடம் 2,500-க்குக் கீழே டார்க்கை அடக்கி, மேலே நிரப்பச் சொல்லுங்கள். ஓட்டுவதற்கும் அதுதான் இனிமை, முன் சக்கரங்களும் ஈரச் சாலையில் சுழலாது. மேப்புக்கு முன் தொகுதி 011-இன் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். கோளாறுள்ள டர்போவில் மேப் ஏற்றுவது வீண்செலவு.

சாலையில்

கனமான இரும்பு எஞ்சின் மூக்கில் இருக்கிறது. 205/45 ஆர்16 டயர், முன்னால் 288 மி.மீ. டிஸ்க். வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் மூக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கும். நேர்க்கோட்டிலேயே பிரேக்கை முடித்து, வெளியேறும்போது 2,000-க்குக் குறையாத கியரைத் தேர்ந்து, ஸ்டீயரிங் நேராகத் தொடங்கியபின் மிதியுங்கள். டார்க் திடீரென்று வருவதால் நடு வளைவில் மிதித்தால் உள் சக்கரம் சுழலும். 1,500-க்குக் கீழே முழு மிதி கொடுக்கும் பழக்கம் ஃப்ளைவீலுக்கும் டர்போவுக்கும் சேர்த்துக் கேடு. நிறுவனம் சொன்ன 100 கி.மீ.க்கு 5.3 லிட்டர் கணக்கில் 45 லிட்டர் டாங்க் 800 கி.மீ. தாண்டும். வெப்பமானி 90-ஐத் தொடாமல் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி இருக்கிறது. மைலேஜ் குறைவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

குண்டு குழியில் முன்னால் டொக் டொக் என்றால் ஆன்டி ரோல் பார் புஷ்ஷும் இணைப்பு ராடுகளும். மழைக்குப்பின் காலடிக் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் கதவுக்குள் இருக்கும் உலோகத் தகட்டின் சீல்; டோர் கார்டை எடுத்து, பழைய பஞ்சு சீலைச் சுரண்டி, புதிதாக ஒட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் அரிக்கும். பின் காலிப்பரின் ஹேண்ட்பிரேக் கை இறுகுவதும் சகஜம்.

இன்று வாங்குவோருக்கு

2010-இல் வந்த அடுத்த ஃபாபியா விஆர்எஸ், டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்த 1.4 பெட்ரோலுக்கு மாறிவிட்டது: 180 குதிரைத்திறன், டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸ், ஆயில் குடிப்பதாகப் பரவலான புகார். டீசல்தான் வேண்டுமென்றால் 2003–2007 வண்டிதான். 2007-இல் நீல நிறத்தில் ஆயிரம் வண்டிகளோடு வந்த எஸ்இ பதிப்புக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். எஞ்சின் விஷயத்தில் கூடுதலாக எதுவும் கிடைக்காது. அந்தப் பணத்தை 505.01 ஆயில் பில்களும், பெல்ட் மாற்றிய ரசீதும் கோப்பில் உள்ள சாதாரண வண்டிக்குக் கொடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினைப் பார்க்கவே போங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். கேம் தட்டலும் ஸ்டார்ட்டிங் தயக்கமும் குளிரில்தான் வெளிப்படும். ஆயில் கம்பியில் அளவு குறிக்கு மேலே இருந்து டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டர் சீல்கள் வழியாக எரிபொருள் ஆயிலில் கலக்கிறது; ஹெட்டில் இன்ஜெக்டர் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் செலவு பெரிது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. லண்டனின் யூலெஸ் வலயம் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி) 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) விரிந்துவிட்டது. கட்டணம் தவிர்க்க டீசலுக்கு யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். இந்த வண்டி அந்தத் தரத்துக்கு மிகவும் முந்தையது. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீட்டு வாசலில் நிறுத்துபவர் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் ஓட்டினால் ஆண்டுக்கு 3,000 பவுண்டைத் தாண்டும். நகரத்துக்கு வெளியே வசித்து, நீண்ட தூரம் ஓட்டுபவருக்குத்தான் இது கட்டுப்படியாகும். டர்போ இறகுகளுக்கும் அந்த ஓட்டம்தான் தேவை. பர்மிங்காம், பிரிஸ்டல் போன்ற ஊர்களுக்கும் தனி வலயங்கள் உண்டு. நீங்கள் வழக்கமாகப் போகும் ஊர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, வண்டியின் பதிவெண்ணை அரசின் சரிபார்ப்புத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு விற்பவருக்கு போன் செய்யுங்கள்.